அரக்கு பூசிய குண்டுகள்

என் கைவேலையைப் பற்றி நானே பெருமையடித்துக்கொள்வது நன்றாக இருக்காதுதான். ஆனால் அதைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது. டோக்கியோவுக்கு வடக்கே கவாகுச்சி ஊரில், மசுயா வார்ப்படப் பட்டறையில், பதினோரு வருஷமாக நான் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்று. ஓட்டை அடைப்பது. இரும்புக் கெண்டி வார்க்கும்போது உருகிய இரும்புக்குள் காற்று மாட்டிக்கொண்டால், குளிர்ந்தபிறகு அங்கே ஊசிமுனை அளவு துளை விழுந்திருக்கும். அரக்கு மரத்துப் பாலில் இரும்புத் தூளைக் குழைத்து, அதைத் துளைக்குள் திணித்து, கரி அடுப்பின் இளஞ்சூட்டில் காயவைத்து, மேலே கருப்புச் சாறு பூசுவேன். கல்யாணமான பெண்கள் பல்லில் பூசிக்கொள்கிறோமே, தேநீரில் துருவை ஊறவைத்த அதே சாறுதான். அப்புறம் முதலாளியே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் துளை இருந்த இடம் தெரியாது.

இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். நான் அடைத்த கெண்டியில் இருபது வருஷம் வெந்நீர் கொதித்தாலும் ஒரு சொட்டு கசியாது.

உலைக்களத்துக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது. உலைத் தெய்வமும் பெண். இன்னொருத்தி உள்ளே வந்தால் பொறாமையில் இரும்பைக் கெடுத்துவிடுவாளாம். அதனால் முற்றத்துக்கு இந்தப் பக்கம், தனிக் கொட்டகையில், நாங்கள் நான்கு பெண்கள்; மற்ற மூவரும் வார்ப்பை அரத்தால் ராவி வழவழப்பாக்குவார்கள். அந்தப் பக்கம் இரும்பு ஊற்றுகிறவர் என் கணவர் யோசபுரோ. அவர் ஊற்றியது ஆறிய பின் என் மடிக்கு வரும். துளை அதிகமானால் முற்றம் அதிரக் கத்துவேன்.

"என்னங்க, இன்னிக்கு வார்த்தது கெண்டியா சல்லடையா?"

"துளையே விழலேன்னா உனக்கு ஏதுடி சோறு?" என்று அங்கிருந்தே பதில் வரும். உலைக்களமே சிரிக்கும்.

மெய்ஜி சக்கரவர்த்தி ஆட்சியின் முப்பத்தேழாம் வருஷம் பிப்ரவரியில் ரஷ்யாவோடு சண்டை மூண்டது. எங்கள் முதலாளி கன்பே ஐயா மத்தியானச் சாப்பாட்டு வேளையில் செய்தித்தாளை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். எங்களில் யாருக்கும் எழுத்துத் தெரியாது. எங்களுக்கு வரும் கடிதங்களையும் அவர்தான் படிப்பார்.

"எதுக்குங்க ஐயா சண்டை?" என்று தோயோ அக்கா கேட்டாள். அவள் என்னைவிட பத்து வயது மூத்தவள். வாயாடி. ஒரே மகன் கிசாகு காலாட்படையில் இருந்தான்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி நாம சீனாக்காரனை ஜெயிச்சு ரியோஜுன் கோட்டையைப் பிடிச்சோம்ல? ரஷ்யாக்காரன் இன்னும் ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு வந்து, திருப்பிக் குடுன்னு மிரட்டினான். குடுத்தோம். அப்புறம் அவனே அதுல குடி வந்துட்டான். வெள்ளைக்காரப் பேரு ஒண்ணு வெச்சிருக்கான், போர்ட் ஆர்தர்னு."

"அந்த வீடு முதல்ல யாரோடதுங்க?"

"சீனாக்காரனோடது."

"அப்போ அவன் என்ன சொல்றான்?"

"அவனை யாரு கேட்டா?" என்றார் முதலாளி எரிச்சலாக. "கொரியாவுக்குள்ள ரஷ்யா கால் வெச்சா அடுத்தது நம்ம வாசல்தான். அதை யோசி."

எங்களுக்கு கொரியாவும் தெரியாது, மஞ்சூரியாவும் தெரியாது. ஆனால் ரஷ்யாக்காரன் நம் வாசலில் நிற்கிறான் என்றதும் எல்லாருக்கும் ரோஷம் வந்தது. எனக்கும்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச்சில் என் கணவருக்கு அழைப்பு வந்தது. இளவயதில் மூன்று வருஷம் பீரங்கிப் படையில் இருந்தவர். அரகவா ஆற்றைப் படகில் தாண்டி அகபானே ரயில் நிலையம்வரை ஊரே கொடி பிடித்துக்கொண்டு போனது. அவர் படகில் ஏறும்போது என் காதருகில் சொன்னது இவ்வளவுதான்: "நான் இல்லாதப்போ எவன் ஊத்தினாலும் துளை ஜாஸ்தியா இருக்கும். பொறுமையா அடை." கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான். அவர் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஜூன் மாதம் பட்டறைக்கு ஒரு புதுமையான ஆணை வந்தது. ராணுவத்தில் பீரங்கிக் குண்டு தீர்ந்துபோய்விட்டதாம். ஒரு வருஷத்துக்கு என்று வைத்திருந்ததை ஒன்றிரண்டு சண்டையிலேயே சுட்டுத் தள்ளிவிட்டார்கள். ஆயுதசாலை ராப்பகலாக எஃகில் செய்தும் போதவில்லை. அதனால் கெண்டி, சட்டி, அடுப்பு வார்க்கிறவர்கள் எல்லாரும் வார்ப்பிரும்பில் குண்டு வார்த்துக் கொடுக்க வேண்டும். நாங்கள் வெறும் கூட்டை வார்த்து அனுப்பினால், டோக்கியோவில் அதற்குள் வெடிமருந்து அடைத்து, கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். கெண்டி அச்சுகளையெல்லாம் மூலையில் அடுக்கினோம். ஒவ்வொரு குண்டின் அடியிலும் எங்கள் பட்டறை முத்திரை இருந்தது. அரிசி அளக்கிற சதுரப் படியின் உருவம்.

சோதனை அதிகாரி குரோயானகி பத்து நாளைக்கு ஒருமுறை வருவார். ஒல்லியான மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். கூட்டுக்குள் பம்பு வைத்துத் தண்ணீரை அழுத்துவார். எங்காவது கசிந்தால் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி. முதல் தடவை நூற்றுக்கு நாற்பத்தொன்று தள்ளுபடி. கன்பே ஐயா முற்றத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

நான் போய் அந்தத் தள்ளுபடிக் குண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடித்தட்டில், முத்திரைக்குப் பக்கத்தில், ஒரு ஊசித்துளை. இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய் அரக்கைக் குழைத்தேன்.

யார் சொல்லியும் செய்யவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையிலிருந்து ஓட்டையோடு ஒரு சாமான் வெளியே போனால் அது எனக்கு அவமானம். அந்த ரோஷத்தில் செய்தேன். கூடவே, என் கணவர் இருக்கிற இடத்துக்கு நம் கையால் நாலு குண்டு கூடுதலாகப் போகட்டும் என்ற ஆசையும் இருந்தது.

அடுத்த தடவை குரோயானகி வந்து பம்பை அழுத்தினார். ஒரு சொட்டு வரவில்லை. "மசுயா வார்ப்பு நல்லா முன்னேறிடுச்சே" என்றார். முதலாளி குனிந்து வணங்கினார். நான் அடைத்தது அவருக்குத் தெரியும். அன்று சாயங்காலம் ஒரு புட்டி சாக்கே மதுவை என் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நாள் ஒன்றுக்கு நாற்பது குண்டு என் கையைத் தாண்டிப் படகேறியது. நவம்பர் பிறந்ததும் வேலை மூன்று மடங்கானபோதுதான் தோயோ அக்காவுக்கும் மற்ற இருவருக்கும் அரக்கு பூசச் சொல்லிக்கொடுத்தேன். அதுவரை எல்லாம் நான்தான்.

ஆகஸ்டில் ரியோஜுன் கோட்டைமேல் நம்மவர்கள் பாய்ந்தார்கள். ஊரில் ஒரே வாரத்தில் ஏழு வீட்டில் சாவு. தோயோ அக்கா செய்தித்தாள் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள். கிசாகு உயிரோடு இருக்கிறான் என்று தகவல் வரும்வரை அவள் வாயிலிருந்து ஒரு கேலி வரவில்லை.

அக்டோபர் நடுவில் என் கணவரிடமிருந்து தபால் கார்டு வந்தது. முதலாளி எழுந்து நின்றே படித்தார்.

"இன்று எங்கள் பீரங்கிக்கு வந்த பெட்டியைத் திறந்தால் நம் சதுரப் படி முத்திரை! கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். உன் பெண்டாட்டியே வந்துவிட்டாளா என்று பயல்கள் கிண்டல் செய்கிறார்கள். அதிகாரியிடம் சொல்லி, நம் முத்திரை போட்டதை எல்லாம் என் பீரங்கிக்கே ஒதுக்கி வைத்துக்கொண்டேன்."

கொட்டகையே என்னைக் கேலி செய்தது. நான் அழுதேன், சிரித்தேன். அந்தக் கார்டை ஒரு மாதம் இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு திரிந்தேன்.

நவம்பர் எட்டு துருத்தித் திருவிழா. வழக்கமாக அன்று உலையை அணைத்து, துருத்திக்குப் பூசை போட்டு, தெருக் குழந்தைகளுக்கு ஆரஞ்சு வீசுவோம். அந்த வருஷம் உலையை அணைக்க ஆயுதசாலை விடவில்லை. ஆரஞ்சை மட்டும் வாங்கி எங்களுக்குக் கொடுத்தார் முதலாளி. அப்போதுதான் ஷிகெஹாச்சி கொட்டகைக்குள் வந்தான். பக்கத்துப் பட்டறையில் அச்சு செய்கிறவன், பீரங்கிப் படைக்குப் போனவன். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தான்.

ஒரு ஆரஞ்சை அவனுக்கு உரித்துக் கொடுத்தேன். தின்றுகொண்டே என் மடியில் இருந்த குண்டைப் பார்த்தான். மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. துளை அடைக்கறேன்."

"குண்டுலயா? அடித்தட்டுலயா?"

"ஆமா. ஏன், பேயைப் பாத்த மாதிரி நிக்கறே?"

அவன் மற்றவர்களைப் பார்த்தான். என்னை முற்றத்துக்கு வரச் சொன்னான். அங்கே, மணல் குவியலுக்குப் பின்னால் நின்று, கெஞ்சுகிற குரலில் சொன்னான்.

"அக்கா, குண்டைத் தள்ளுற மருந்து குண்டுக்குப் பின்னாடி எரியுது. அடித்தட்டுல துளை இருந்தா அந்த நெருப்பு உள்ள போகும். உள்ள என்ன இருக்கு? வெடிமருந்து. பீரங்கிக் குழலுக்குள்ளேயே வெடிச்சிரும்."

"துளைதான் அடைச்சாச்சே!"

"எதால?"

"அரக்கால."

"அரக்கு எரியாதா அக்கா?"

வெந்நீருக்கு அசையாத என் அடைப்பு. வெந்நீர் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு பாத்திரத்துக்குள் இருப்பது வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் பதினோரு வருஷப் பிழைப்பு. வெளியே இருப்பது உள்ளே போகும் என்று ஒரு நாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"எங்க பீரங்கில அஞ்சு பேரு நின்னோம்" என்றான். "ரஷ்யாக்காரன்தான் அடிச்சான்னு முதல்ல நெனச்சேன். அப்புறம் ஒரு அதிகாரி வந்து துண்டுகளைப் பொறுக்கிப் பாத்துட்டு, துளை வழியா வெடிச்சிருக்குன்னாரு. மத்த நாலு பேரும் இல்லக்கா."

"அதுல சதுரப் படி இருந்துதா? சொல்லுடா. என் முத்திரை இருந்துதா?"

"நான் முத்திரையைத் தேடலக்கா. என் கையைத் தேடிக்கிட்டு இருந்தேன்."

நேராக முதலாளியிடம் போனேன். பெண்கள் போகக் கூடாத உலைக்களத்தின் வாசல்படிவரை போய் நின்று அவரை வெளியே அழைத்தேன். சொன்னதும் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. இந்த ஆபத்து அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதை நம்புகிறேன். அவரும் கெண்டிக்காரர்தான்.

"என் வீட்டுக்காரருக்கு எழுதுங்க ஐயா. நம்ம குண்டைத் தொடாதேன்னு எழுதுங்க."

"ராணுவத் தபாலைப் பிரிச்சுப் படிப்பாங்க இசோ. அதுல இதை எழுதினா கார்டு போய்ச் சேராது, நம்ம ரெண்டு பேரு தலையும் போகும். பட்டறையில நாப்பது குடும்பம் இருக்கு."

"என் குடும்பம் அங்க பீரங்கிகிட்ட நிக்குதே!"

சோதனை அதிகாரி வரட்டும், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் என் கணவர் குண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்பதுதான் தெரிந்தது.

பதினைந்தாம் தேதி குரோயானகி வந்தார். கணக்கு அறையில் அவர் தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே போய்த் தரையில் நெற்றி படக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னைக் கைது செய்வார், அடிப்பார், குறைந்தபட்சம் கோப்பையை உடைப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்மா" என்றார்.

"எதுங்க ஐயா தெரியும்?"

"நீங்க அரக்கு பூசறது. முதல்ல தெரியாது. செப்டம்பர்ல ஒரு பீரங்கி வெடிச்சுது, துண்டு இங்க வந்துது. அப்புறம் தெரியும். உங்க பட்டறை மட்டும் இல்ல, பல ஊர்ல பூசறாங்க. உங்க வேலைதான் இருக்கறதுலயே சுத்தம்."

"தெரிஞ்சுமா ஐயா எங்ககிட்ட வாங்குறீங்க?"

"வேற குண்டு இல்லையே." கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "ஆகஸ்டுல கோட்டை ஏறினப்போ பாதியில குண்டு தீந்து போச்சு. பீரங்கி எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு நின்னுது. ரஷ்யாக்காரன் மிஷின் துப்பாக்கிய வெச்சு நம்ம பசங்களை அறுவடை பண்ணினான். குண்டு இல்லாம ஒரு நாள்ல ஆயிரக்கணக்குல போறாங்க. இந்தக் குண்டால ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு பீரங்கி போகும். எழுதி மேல அனுப்பினோம். சரின்னுட்டாங்க."

"போகும்னா ஐயா, அஞ்சு ஆளுங்க."

"ஆமா. சில சமயம் ஆறு."

அவர் குரல் உயரவே இல்லை. அரிசி ஊறவைக்க எத்தனை படி தண்ணீர் என்று சொல்கிற குரல். கொலைகாரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இந்த மனிதர் எனக்கும் ஒரு கோப்பை தேநீர் ஊற்றினார். அதை வாங்கிக் குடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் என் நாக்கு கூசுகிறது.

"பயப்படாதே. இப்ப உத்தரவு போட்டாச்சு. வார்ப்பிரும்புக் குண்டுன்னா, போட்டதும் எல்லாரும் பள்ளத்துல இறங்கிடணும். சுடுற விசையில நீளக் கயித்தைக் கட்டி அங்கிருந்து இழுப்பாங்க. குழல் வெடிச்சாலும் ஆளு போகாது. உன் வீட்டுக்காரர் பத்திரமா இருப்பாரு. போய் வேலையைப் பாரு."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பள்ளம். கயிறு. என் நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை எடுத்தாற்போல இருந்தது. மறுநாள் காலை கொட்டகைக்குப் போய் அரக்கைக் குழைத்தேன். ஆமாம், மறுபடியும் பூசினேன். என் ஆள் பள்ளத்துக்குள் இருக்கிறார் என்ற நிம்மதியில் பதின்மூன்று நாள் பூசினேன்.

நவம்பர் இருபத்தெட்டு மத்தியானம் ஒரு கடிதம் வந்தது. ஹிரோஷிமா தபால் முத்திரை. காயம்பட்டுத் திரும்பும் ஒருவன் கையில் என் கணவர் கொடுத்தனுப்ப, அவன் கப்பலைவிட்டு இறங்கித் தபாலில் போட்டிருக்கிறான். ராணுவத்தில் யாரும் பிரிக்காத கடிதம். நாங்கள் நால்வரும் ஊறுகாயும் சோறுமாக உட்கார்ந்திருந்தோம். முதலாளி நின்றுகொண்டு உறையைக் கிழித்தார்.

"குளிரில் மீசையெல்லாம் பனிக்கட்டி. சோறு கல்லாக உறைந்துவிடுகிறது; பல்லால் உடைத்துத் தின்கிறோம். இன்னும் ஒரு மலை பாக்கி. அது விழுந்தால் கோட்டை விழும் என்கிறார்கள்."

"கிசாகுவைப் பத்தி இருக்கான்னு பாருங்க" என்றாள் தோயோ அக்கா.

"உன் மகனைப் போன வாரம் பார்த்தேன் என்று தோயோ அக்காவிடம் சொல். அதே வாய், அம்மாவைப் போல." எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துக்கொண்டே மேலே படித்தார். "இங்கே சில குண்டுகள் குழலிலேயே வெடிக்கின்றன. எந்தப் பட்டறைக்காரனோ துளையை அடைக்காமலே அனுப்புகிறான் போலிருக்கிறது, சோம்பேறிப் பயல். அதனால் பள்ளத்துக்குள் இறங்கிக் கயிற்றை இழுக்கச் சொல்லி உத்தரவு. ஆனால் தூரத்திலிருந்து இழுத்தால் ஒவ்வொரு தடவையும் நேரம் போகிறது, மேலே ஏறுகிற பயல்களுக்கு அது உயிர். நம் சதுரப் படிக்கு மட்டும் நான்..."

முதலாளியின் குரல் நின்றுவிட்டது. தாளை மடிக்கப் பார்த்தார்.

"படிங்க ஐயா" என்றாள் ஒருத்தி.

"எழுத்து புரியல" என்றார் அவர்.

"படிங்க" என்றேன் நான்.

"நம் சதுரப் படிக்கு மட்டும் நான் பள்ளத்தில் இறங்குவதில்லை. பீரங்கிப் பக்கத்திலேயே நின்று சுடுகிறேன். இது என் பெண்டாட்டி அடைத்தது, ஒரு சொட்டுக்கூடக் கசியாது என்று சொன்னேன். இப்போது சோமேகிச்சி என்கிற பையனும் பயம் தெளிந்து என்னோடு நிற்கிறான்."

நான் கத்தினேனா, எழுந்தேனா, எனக்கு ஞாபகம் இல்லை. சோற்றுக் கிண்ணம் உடைந்து கிடந்தது. முதலாளியின் அங்கியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். "எழுதுங்க! இப்பவே எழுதுங்க! எவன் பிரிச்சா என்ன, என் தலைதானே, போகட்டும்! பள்ளத்துல இறங்குன்னு எழுதுங்க!" அவர் எழுதினார். மூன்றே வரி. தாமே தபால் ஆபீசுக்கு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருநாள்தான்.

அவர் போன பிறகு மற்ற மூவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். துளை, நெருப்பு, அரக்கு, ஷிகெஹாச்சியின் கை, அதிகாரியின் தேநீர், ஆயிரத்துக்கு ஒன்று. சின்னவர்கள் இருவரும் தூரிகையைப் பாம்பைத் தொட்டதுபோலக் கீழே போட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கொட்டகையில் வரிசையாக அறுபது குண்டுகள், அடித்தட்டு மேலே தெரிய, காத்திருந்தன.

தோயோ அக்கா மட்டும் அசையவில்லை. வெகுநேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குனிந்து, கீழே கிடந்த தூரிகையை எடுத்தாள். அரக்கில் தோய்த்தாள்.

"அக்கா! என்ன பண்ற?"

"கிசாகு காலாட்படை இசோ." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பீரங்கி நின்னு போச்சுன்னா அந்த மலையில அவன் மேலதான் எல்லாம் விழும். ஆகஸ்டுல அதானே நடந்துது? நீயே இப்ப சொன்னியே."

"அது என் வீட்டுக்காரர்கிட்ட போகும்க்கா! ஒதுக்கி வெச்சு, பக்கத்துல நிக்கறாரு. இப்பதானே கேட்டே!"

"கேட்டேன்."

"கேட்டுட்டுமா?"

"என்னை வெட்டிப் போடு. எனக்கு ஒரே புள்ளை."

அவள் கண்ணிலிருந்து வழிந்தது மூக்கு நுனியில் நின்று சொட்டியது. நான் சொல்லிக்கொடுத்தபடியே ஊசியால் திணித்து, விரல் நுனியால் வழித்து, சமமாக்கினாள். நல்ல வேலை. பக்கத்தில் கிடந்த சுத்தியல் எப்படியோ என் கைக்கு வந்திருந்தது. அந்தக் குண்டை உடைத்திருக்கலாம், அவள் கையையே உடைத்திருக்கலாம். பத்து வருஷம் ஒரே பானைச் சோறு சாப்பிட்டவள். என் கணவரைக் கொல்ல ரஷ்யாக்காரன் எதற்கு என்று தோன்றியது. தோன்றிய உடனேயே, அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரிந்தது. அதுதான் என்னை உறையவைத்தது. சுத்தியலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்புறம் அந்தக் கொட்டகைக்குள் நான் வேலைக்குப் போகவில்லை.

ரியோஜுன் விழுந்தது என்று ஜனவரி முதல் வாரம் ஊரே கொடியும் மேளமுமாகத் தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோது, ஊராட்சி எழுத்தர் என் வீட்டுக்கு வந்தார். டிசம்பர் இரண்டாம் தேதி, பீரங்கியின் அருகில், எதிரிக் குண்டு பட்டு வீர மரணம் என்று படித்தார். அதே நேரத்தில், அதே இடத்தில், சோமேகிச்சி என்பவரும். எதிரிக் குண்டாம். அதை என்னிடம் வந்து யாரும் நம்பச் சொல்லாதீர்கள். முதலாளி எழுதிய மூன்று வரி பிப்ரவரியில், பிரிக்கப்படாமல், என்னிடமே திரும்பி வந்தது.

தகவல் வந்த ஏழாம் நாள் சடங்குக்குத் தோயோ அக்கா வந்தாள். ஊதுவத்தி ஏற்றிவிட்டு, மற்றவர்கள் போகும்வரை மூலையில் உட்கார்ந்திருந்தாள். கிசாகு உயிரோடு இருக்கிறான். அவளுக்குத் தகவல் வந்திருந்தது. ஆனாலும் பத்து வயது கூடினவள்போல இருந்தாள்.

"இசோ, ஒண்ணு கேக்கணும். நீ என்னை அடிச்சாலும் பரவால்ல. அன்னிக்கு நான் பூசினேனே... அதுவா?"

"இல்லக்கா" என்றேன். "டோக்கியோவுல மருந்து அடைச்சு, ரயில் ஏறி, கப்பல் ஏறி அங்க போய்ச் சேர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். நீ பூசி நாலாவது நாளே அவர் போயிட்டாரு. நீ பூசினது ஒண்ணுகூட அவர்கிட்ட போயிருக்காது."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மனசு லேசாகி அழுகிற அழுகை அது, கேட்டாலே தெரியும். நானும் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். டிசம்பர் தொடக்கத்தில் ரியோஜுனில் இருந்த சதுரப் படிக் குண்டுகள் எல்லாம் நவம்பருக்கு முன் இங்கிருந்து போனவை. அப்போது எங்கள் கொட்டகையில் குண்டுக்கு அரக்கு பூசியவள் ஒருத்திதான். அது யார் என்று தோயோ அக்கா கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.